அந்த இரண்டடி யாருக்குச் சொன்னது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சேலம் இணைப்பில் மழைக்கால மின்பாதுகாப்பு பற்றிக் கட்டம் கட்டி வெளியிட்ட குறிப்பில், 11 கிலோவோல்ட் உயரழுத்தக் கம்பியிலிருந்து இரண்டடி தள்ளியிருந்தால் ஆபத்தில்லை என்று ஒரு வரி இருந்தது. அதற்குப் பிறகு மீதியைப் படிக்க எனக்கு மனம் வரவில்லை. மின்சாரத்தை நிறுத்தாமலே கம்பியில் வேலை செய்யும் ஹாட்லைன் குழுவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்த இரண்டடி எங்களைப் போன்றவர்களுக்குச் சொன்னது. ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு மிளகு பறிக்கப் போகிறவருக்குச் சொன்னதல்ல.

அமெரிக்கத் தொழில்பாதுகாப்பு விதிகளில், பயிற்சி பெற்ற மின் தொழிலாளி உயிருள்ள கம்பியை, அதாவது மின்சாரம் நிறுத்தப்படாத கம்பியை, எவ்வளவு நெருங்கலாம் என்று ஓர் அட்டவணை இருப்பதும், அதில் 5 கிலோவோல்ட்டுக்கு மேல் 15 கிலோவோல்ட் வரை 65 சென்டிமீட்டர் என்று இருப்பதும் தாங்கள் அறிந்ததே. தங்கள் குறிப்பில் வந்த இரண்டடி அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். ஆனால் அதே விதிகள், பயிற்சி இல்லாதவர் 50 கிலோவோல்ட் வரையிலான மேல்நிலைக் கம்பியிலிருந்து பத்தடி தள்ளியிருக்க வேண்டும் என்றும், அதற்கு மேல் ஒவ்வொரு 10 கிலோவோல்ட்டுக்கும் நான்கு அங்குலம் கூட்டிக்கொள்ள வேண்டும் என்றும் சொல்கின்றன. அந்தப் பத்தடி அவர் உடம்புக்கு மட்டுமல்ல, அவர் கையில் பிடித்திருக்கும் கம்பிக்கும் கழிக்கும் சேர்த்துத்தான். இரண்டடியை எடுத்த கை பத்தடியை ஏன் விட்டது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

அந்த 65 சென்டிமீட்டரில் மின்சாரத்தின் பங்கு எவ்வளவு என்று பார்த்தால், அது 4 சென்டிமீட்டர்தான். 11 கிலோவோல்ட் காற்றைத் தாண்டிப் பாய்வதைத் தடுக்க அவ்வளவு இடைவெளி போதும். மீதி 61 சென்டிமீட்டரும் மனிதனுக்காக விட்டது: கை நழுவும், கால் வழுக்கும், கூப்பிட்ட குரலுக்குத் தலை திரும்பும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு கொடுத்த இடம் அது. அந்த இடம் எதற்கு என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மலையடிவாரத்தில் ஒரு கம்பத்தில் கம்பிகளைத் தாங்கும் குறுக்குச் சட்டமான கிராஸ் ஆர்முக்குக் கீழே கதண்டு கூடு வைத்திருந்தது யாருக்கும் தெரியவில்லை. ரப்பர் கையுறையும் தலைக்கவசமும் அணிந்து, எங்கள் குழுவிலேயே நிதானமானவர் என்று பெயரெடுத்த ஒருவர், முகத்தில் இரண்டு கொட்டு விழுந்ததும் தன்னை மறந்து கையை வீசினார். அவருடைய முழங்கை போன தூரம் ஒரு முழத்துக்குக் குறையாது. எங்கள் ஃபோர்மேன் வேலை தொடங்கும் முன்பே பக்கத்துக் கம்பிக்கு ரப்பர் உறை போட வைத்து, தூரத்தையும் அளந்து நிற்க வைத்திருந்ததால் அன்று அவர் வீட்டுக்குப் போனார். அவர் கவனக்குறைவானவர் என்று யாராவது என்னிடம் சொன்னால் நான் ஏற்க மாட்டேன்.

ஆனால் தங்கள் நாளிதழில் பல ஆண்டுகளாக அந்த ஒரு சொல்தான் வருகிறது. கம்பியில் அடிபட்டு இறந்தவர் தொழிலாளியாக இருந்தாலும் கூலியாக இருந்தாலும், 'கவனக்குறைவால் உயிரிழந்தார்' என்று செய்தி முடிந்துவிடுகிறது. ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் மிளகு பறிக்கும்போது இறந்துபோன இளைஞரைப் பற்றியும் அப்படித்தான் எழுதினீர்கள். நான் அந்த இடத்தைப் போய்ப் பார்த்தேன். கம்பி போன பாதைக்குள் சில்வர் ஓக் மரங்கள் வளர்ந்து நின்றன. அவற்றில்தான் மிளகுக்கொடி ஏற்றியிருந்தார்கள். கொடுத்திருந்த அலுமினிய ஏணியோ மரத்துக்கும் கம்பிக்கும் இருந்த இடைவெளியை விட நீளமானது. அந்த ஏணி எந்தப் பக்கம் சாய்ந்தாலும் சாயட்டும், கம்பிப் பக்கம் மட்டும் சாயக் கூடாது என்று ஒரு மனிதனை நாள் முழுவதும் நிற்க வைத்துவிட்டு, சாய்ந்த பிறகு அவன் கவனம் குறைந்துவிட்டது என்று எழுதுவது நியாயமா, ஐயா? மரத்தை வெட்டாதவர் யார், அந்த ஏணியைக் கொடுத்தவர் யார் என்று கேட்டு அப்போதே ஒரு கடிதம் எழுதினேன். அது வெளிவரவில்லை. மூங்கில் ஏணியானால் பாதுகாப்பு என்று நினைக்கிறவர்களும் மலையில் உண்டு. நனைந்த மூங்கிலில் மின்சாரம் பாயும் என்பதை அவர்களுக்கும் யாரும் அச்சில் சொன்னதில்லை.

மலையில் இன்னொன்றும் உண்டு. உயரம் கூடக் கூடக் காற்று மெலிகிறது; மெலிந்த காற்றை மின்சாரம் எளிதில் தாண்டும். அதனால் 900 மீட்டருக்கு மேல் தூரத்தின் மின்சாரப் பங்கைக் கூட்ட வேண்டும் என்றும், 1,500 மீட்டரைத் தாண்டினால் 8 விழுக்காடு கூட்ட வேண்டும் என்றும் அதே அமெரிக்க விதிகளில் உள்ளது. ஏற்காடு கிட்டத்தட்ட அந்த உயரத்தில்தான் இருக்கிறது. 11 கிலோவோல்ட்டில் இது மயிரிழை வித்தியாசம். 110, 230 கிலோவோல்ட் கம்பிகளில் அப்படித் தள்ளிவிட முடியாது.

கடந்த புயலின்போது முதல் பக்கத்தில் தாங்கள் போட்ட படத்தையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கொட்டும் மழையில் வெறும் கையோடு ஒருவர் கம்பத்தில் தொங்கிக்கொண்டிருந்தார். உயிரைப் பணயம் வைத்து ஒளி தந்தவர் என்று கீழே எழுதியிருந்தீர்கள். ஊரே பாராட்டியது. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. கையுறை இல்லை, இடுப்பில் பெல்ட் இல்லை, படத்தில் தெரிந்த வரையில் கம்பியைத் தரையோடு இணைக்கும் எர்த் ராடும் இல்லை. மின்சாரத்தை நிறுத்தியாயிற்று, வேலை செய்யலாம் என்ற லைன் கிளியர் அனுமதியை வாங்கிவிட்டால் மட்டும் கம்பி செத்துவிடாது. எங்கோ ஒரு கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர் தவறான இணைப்பால் அதே கம்பிக்குத் திரும்ப மின்சாரத்தை அனுப்பும். எர்த் போடாத லைன் உயிருள்ள லைன் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அப்படியானால் அந்தப் படத்தில் இருந்தவர் உயிருள்ள கம்பியைத் தூரமே இல்லாமல் வெறும் கையால் பிடித்திருந்தார் என்றுதான் நான் பார்க்க வேண்டியிருந்தது. அவரைப் பாராட்டியதில் எனக்கு வருத்தம் இல்லை; அவருக்குக் கையுறை கொடுத்து அனுப்பாதவர்களிடம் ஒரு கேள்வி கூடக் கேட்காததில்தான் வருத்தம்.

தரையிலிருந்து இருக்க வேண்டிய தூரமும் இப்படித்தான் கவனிக்கப்படாமல் கிடக்கிறது. தெருவைக் குறுக்கே கடக்கும் உயரழுத்தக் கம்பி தரையிலிருந்து குறைந்தது 6.1 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. பழைய சாலையைச் சுரண்டாமல் மேலேயே தார் போட்டுப் போட்டுச் சாலை உயர்ந்தால் அந்த உயரம் யாரும் கேட்காமலே குறைகிறது. அதன் கீழே ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியின் கம்பத்தை நிமிர்த்துகிறவருக்கு, பழைய உயரம் இப்போது இல்லை என்று எப்படித் தெரியும்? 11 கிலோவோல்ட் கம்பிக்கும் கட்டடத்துக்கும் பக்கவாட்டில் 1.2 மீட்டர் விட வேண்டும் என்ற விதியும் அப்படித்தான்; கம்பி போட்ட பிறகு மாடியைத் தெருப்பக்கம் இழுத்துக் கட்டியவர் வீட்டையும் தாங்கள் 'வீட்டை உரசும் மின்கம்பி' என்றே எழுதுகிறீர்கள்.

தங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. மலையில் மிளகு பறிப்பு தொடங்குவதற்கு முன், அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், அதே போல் கட்டம் கட்டி, பயிற்சி இல்லாதவர் எந்த உயரழுத்தக் கம்பியிலிருந்தும் தன்னையும் தன் கையில் உள்ள பொருளையும் குறைந்தது பத்தடி (50 கிலோவோல்ட்டைத் தாண்டினால் இன்னும் கூடுதலாக) தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும், கம்பி உயரழுத்தமா தாழ்வழுத்தமா என்று தெரியாவிட்டால் உயரழுத்தம் என்றே கொள்ள வேண்டும் என்று திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். எழுதித் தர ஆள் வேண்டுமென்றால் நானே எழுதித் தருகிறேன். என் பெயர் போட வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஹாட்லைன் தொழிலாளி,
அஸ்தம்பட்டி, சேலம்.