1848-இல் லிங்கன் தோற்கவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க அதிபராகும் முன் ஆபிரகாம் லிங்கன் எத்தனை முறை தோற்றார் என்று ஆண்டுவாரியாகச் சொல்லும் 'தோல்விப் பட்டியல்' உங்கள் தன்னம்பிக்கைப் பகுதியில் மறுபடியும் வந்திருக்கிறது. பள்ளி ஆண்டு விழாக்களிலும் வாட்ஸ்அப்பிலும் வருடக்கணக்காகச் சுற்றும் அதே பட்டியல்தான். அதில் '1848: காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) தேர்தலில் தோல்வி' என்ற வரி தவறு. அந்த ஆண்டு லிங்கன் போட்டியிடவே இல்லை.

இல்லினாய் மாநிலத்தின் 7-ஆம் தொகுதியில் லிங்கன் அப்போது இருந்த விக் கட்சி பலமாக இருந்தது. அந்த ஒரு இடத்துக்கு ஜான் ஹார்டின், எட்வர்ட் பேக்கர், லிங்கன் என்று மூன்று வக்கீல்கள் காத்திருந்தார்கள். ஆளுக்கொரு தவணை என்று முறை ஏற்பட்டது. 1843-இல் ஹார்டின், 1844-இல் பேக்கர். அடுத்த முறை ஹார்டின் மறுபடி வரப் பார்த்தபோது, "இது என் முறை" என்று லிங்கன் கட்சிக்காரர்களுக்குக் கடிதமாக எழுதித் தள்ளினார், ஹார்டின் விலகிக்கொண்டார். 1846 ஆகஸ்டில் பீட்டர் கார்ட்ரைட் என்ற மெதடிஸ்ட் போதகரை எதிர்த்து 6,340 வாக்குகள் பெற்று வென்றார், கார்ட்ரைட்டுக்கு 4,829. முறையைச் சொல்லி இடம் வாங்கியவர் எந்த முகத்தோடு இரண்டாம் தவணை கேட்பார்? 1848 ஜனவரியில் தொழில் கூட்டாளி ஹெர்ண்டனுக்கு இதைத்தான் எழுதினார். வேறு யாருமே நிற்க விரும்பாவிட்டால் மறுக்கமாட்டேன் என்றும் சேர்த்துக்கொண்டார். ஆசை இல்லாமல் இல்லை.

1848-இல் நின்று தோற்றவர் லிங்கனின் பழைய கூட்டாளி ஸ்டீபன் லோகன். வித்தியாசம் நூற்றுச் சொச்சம் வாக்குகள். வென்ற தாமஸ் ஹாரிஸ் மெக்சிகோ போருக்குப் போய்வந்தவர். போரை எதிர்த்து லிங்கன் பேசியது லோகனின் வாக்குகளைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம்.

அந்தப் பேச்சையும் ஏதோ உளறல்போலச் சிலர் எழுதுகிறார்கள். டெக்சாஸ் எல்லையில், மெக்சிகோவும் தனது என்று சொன்ன நிலத்தில் நடந்த மோதலைக் காட்டி, 'அமெரிக்க மண்ணில் அமெரிக்க ரத்தம் சிந்தியது' என்று சொல்லித்தான் அதிபர் போல்க் போரைத் தொடங்கியிருந்தார். 1847 டிசம்பர் 22 அன்று லிங்கன் எட்டுக் கேள்விகள் கொண்ட தீர்மானங்களை அவையில் வைத்தார். ரத்தம் சிந்திய அந்த இடம் எது? அங்கே குடியிருந்தவர்கள் டெக்சாஸுக்கு வரி கட்டினார்களா, வாக்களித்தார்களா, ஜூரியாக உட்கார்ந்தார்களா, அவர்களுக்கு நீதிமன்றச் சம்மன் கொடுக்கப்பட்டதா? நில வழக்கில் அனுபோகத்தை நிரூபிக்க வரி ரசீதைக் கேட்கும் அதே குறுக்கு விசாரணை! தீர்மானங்கள் வாக்கெடுப்புக்கு வரவில்லை. ஆனால், போர் தேவையின்றியும் அரசியல் சட்டத்துக்கு மாறாகவும் அதிபரால் தொடங்கப்பட்டது என்ற திருத்தம் அடுத்த மாதமே 85-81 என்று நிறைவேறியது. லிங்கனும் ஆதரித்து வாக்களித்தார்.

1849-இல் கிடைக்காமல் போனது பொது நில அலுவலக ஆணையர் பதவி. அது நியமனம், தேர்தல் அல்ல. அதற்குப் பின் தேடிவந்த ஆரிகன் பிரதேச ஆளுநர் பதவியை அவரே வேண்டாம் என்றார். பட்டியலில் இதைக் காணோம். 1834 முதல் மாநில சட்டமன்றத்துக்கு அடுத்தடுத்து நான்கு முறை வென்றதையும் காணோம். மாணவர்கள் மனப்பாடம் செய்து மேடையில் சொல்லும் பட்டியல் இது. அடுத்த இதழிலாவது அந்த 1848 வரிக்குத் திருத்தம் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், மதுரை