நடுவில் இருக்கிற நீல ஜோடி

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான். அழகர் ஆற்றில் இறங்குவதற்குக்கூடவா வரவில்லை என்று பெரியத்தை மூன்று தடவை கேட்டுவிட்டாள். பெங்களூரில் லீவு தரவில்லை என்று சொல்லி வைத்தேன். நீ ஒரு வார்த்தை போன் பண்ணியிருக்கலாம்.

நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து, தூங்காமல் நெட்வொர்க்கைப் பிரிக்கிற அந்த சப்நெட் கணக்கைப் போட்டுக்கொண்டு உட்காராதே.

போன வாரம் திருநகரில் கம்ப்யூட்டர் கடைப் பையனிடம் பேசிக்கொண்டிருந்தேன். பொதுவாகத்தான் கேட்டேன். சிசிஎன்ஏ என்கிற அந்த சிஸ்கோ கம்பெனி நெட்வொர்க் பரீட்சை 120 நிமிஷமாம். ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பிப் போய்த் திருத்த முடியாதாம். தவறினாலும் ஐந்து நாள் கழித்து மறுபடி எழுதலாமாம். ஆனால் 300 டாலரை இன்னொரு தடவை கட்ட வேண்டும், வரியோடு 25,000 ரூபாயைத் தாண்டும் என்றான். இதெல்லாம் உனக்குத் தெரியும். எனக்கும் தெரிந்திருக்கட்டும் என்றுதான் கேட்டேன்.

நீ முதலில் வாங்கிய கூகுள் ஐடி சப்போர்ட் சான்றிதழை அம்மா லேமினேட் போட்டு சாமி அலமாரிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் நான்தான் எடுத்துக் காட்டுகிறேன். அதே காகிதத்தை, கம்ப்யூட்டரில் வருவதை எவன் மதிப்பான் என்று மாமா முன்னால் கேட்டவனும் நான்தான். நீ தட்டில் பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்து போனாய்.

பொங்கலுக்கு வந்தபோது திண்ணையில் உட்கார்ந்து ஒரு நெட்வொர்க் கேபிளுக்கு முனை போட்டாயே, நினைவிருக்கிறதா? வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு என்று வரிசையாகப் பிடித்து நுனியை ஒரே வெட்டாக வெட்டினாய். பச்சை ஜோடியைப் பிரித்து நடுவில் ஏன் நீலத்தை வைக்கிறாய் என்று கேட்டேன். "அது உங்க டெலிபோன் ஜோடிப்பா, நடு ரெண்டு பின்னையும் அதுக்குத்தான் விட்டிருக்காங்க" என்றாய். முப்பது வருஷம் குழியில் இறங்கி டெலிபோன் ஜெல்லி கேபிளை ஜாயின்ட் போட்டவனுக்கு அன்றைக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உன்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்குப் பதவி உயர்வு வராமல் போனதற்குக் காரணம் அந்த அதிகாரி என்று நீ சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறாய். அம்மா இன்னும் அவரைத் திட்டுகிறாள். அவர் ஒன்றும் செய்யவில்லை, தம்பி. துறைத் தேர்வை நான் இரண்டு தடவை எழுதினேன். இரண்டிலும் பெயில். இரண்டாம் தடவை ரிசல்ட் வந்த அன்று வண்டியூர் தெப்பக்குளப் படியில் இருட்டும் வரை உட்கார்ந்திருந்துவிட்டு, வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று வீட்டில் வந்து சொன்னேன். மூன்றாம் தடவை எழுதினால் குட்டு வெளிப்பட்டுவிடுமே என்று எழுதவே இல்லை. அந்த மனுஷர் இன்று உயிரோடுகூட இல்லை. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. நல்லாத் தூங்கு. பழைய ரவுட்டர் ஒன்று வாங்கிக் கையால் கழற்றி மாட்டிப் பழகு, படிப்பது மட்டும் போதாது.

பென்ஷன் வந்தது. உன் கணக்கில் 30,000 போட்டிருக்கிறேன். எதற்கு என்று கேட்காதே, திருப்பியும் அனுப்பாதே. போன் ராத்திரியெல்லாம் என் தலைமாட்டில்தான் இருக்கும். அம்மா தூங்கின பிறகு கூப்பிட்டாலும் எடுப்பேன்.

அன்புடன்,
அப்பா
திருப்பரங்குன்றம்