மகளுக்கு: அம்பு முனை வாங்குமுன்

சத்துவாச்சாரி,
வேலூர்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீ பென்சில்வேனியாவில் வில் அம்பால் மான் வேட்டையாட லைசென்ஸ் எடுத்ததில் உன் அம்மாவுக்கு இன்னும் மனசு ஆறவில்லை. நம் ஊரில் 1972 சட்டத்துக்கு அப்புறம் மான் மேல் கை வைத்தால் ஜெயில்தான். அங்கே சீசன், அனுமதி எல்லாம் உண்டு என்று சொல்லிச் சமாளித்து வைத்திருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கடைக்காரர் காட்டியதாக நீ எழுதிய அந்த விரிகிற அம்பு முனை உனக்கு வேண்டாம். பட்டதும் பிளேடு விரிந்து காயம் அகலமாகும் என்பது உண்மைதான். ஆனால் விரிவதற்கே அம்பின் பலத்தில் ஒரு பங்கு போய்விடும். 60, 70 பவுண்டு இழுவிசை உள்ள காம்பவுண்டு வில்லுக்கு, அதாவது கப்பி வைத்த வில்லுக்கு, அது கட்டும். உன்னுடையது 40 பவுண்டு ரீகர்வ், நுனி வெளியே வளைந்த, கப்பி இல்லாத வில். அந்த 40-கூட 28 அங்குலம் இழுத்தால்தான். உன் கைக்கு 26 தான் வரும். அப்போது 35, 36 பவுண்டுதான் கையில் நிற்கும்.

அதனால் இரண்டே பிளேடு, விரியாத முனை, நுனியிலிருந்தே வெட்டுகிற மாதிரி எடு. ஒடுக்கமாக, நீளமாக இருக்கட்டும். அகலம் 7/8 அங்குலத்துக்குக் குறைந்தால் அங்கே சட்டம் ஒப்பாது. ஒரு அங்குலத்தை ஒட்டி வாங்கினால் போதும். அம்பும் கனமாக வேண்டும். வில்லின் ஒரு பவுண்டுக்கு 10 கிரெயின் (அம்பு எடையின் அளவு) என்று வைத்தால் 400 கிரெயின், கிட்டத்தட்ட 26 கிராம். வேகம் குறையும், போகட்டும். செங்கம் பக்கத்து நடுகல்லில் உடம்பில் அம்பு தைத்தபடி நிற்கிற வீரனைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? மானுக்கு அப்படி ஆகக் கூடாது. அம்பு துளைத்து மறுபக்கம் வந்துவிட வேண்டும்.

கூர் விஷயத்தில் மட்டும் நான் அடித்துச் சொல்வேன், ராணிப்பேட்டை தோல் ஷாப்பில் ஆயுசைக் கழித்தவன். மொண்ணைக் கத்திக்குப் பச்சைத் தோல் வழிவிடாது. மயிர் மேல் வழுக்கும், தோல் பள்ளமாக இழுபடும், கடைசியில் கிழியும், அறுபடாது. நல்ல கூர் என்றால் கை அழுத்துவதற்கு முன்பே தோல் பிரிந்து உள்ளே வெள்ளை தெரியும். புதுசுதானே என்று டப்பாவிலிருந்து எடுத்து அப்படியே மாட்டாதே. கல்லில் தீட்டி, பழைய பெல்ட்டின் உள்பக்கத்தில் இழு. முன்கை மயிரைச் சிரைக்கவில்லை என்றால் திரும்பக் கல்லுக்கே போ.

பயிற்சியும் அதே முனையில்தான். பிளேடு காற்றைப் பிடித்து அம்பைத் திருப்பும், சாதா முனையில் அது தெரியாது. மான் பக்கவாட்டில் நின்றால் மட்டும் விடு, இல்லாவிட்டால் லேசாக உன்னை விட்டு விலகித் திரும்பியிருக்க வேண்டும். தோள் எலும்பு பக்கம் போகாதே.

இதற்கெல்லாம் முன்னால், நீ இழுக்கிற அளவில் வில்லைத் தராசில் மாட்டிப் பார்த்து எண்ணை எனக்கு எழுது. அங்கே குறைந்தது 35 பவுண்டு கேட்கிறார்கள். நீ விளிம்பில் நிற்கிறாய். குறைந்தால் முனை அப்புறம், முதலில் வில்லின் லிம்பை, அதாவது வளைகிற கைகளை, மாற்று.

அன்புடன்,
அப்பா