வலசைக் காலக் குறிப்பேடு: பெற்றோருக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இந்த ஆண்டும் செப்டம்பர் தொடங்கி நவம்பர் இறுதி வரை, 6 முதல் 9 வரையிலான வகுப்புகளில் படிக்கும் நம் மாணவர்கள், வட்டாரப் பறவை நோக்கர்களுடன் சேர்ந்து, தெற்கு நோக்கி வலசை செல்லும் பறவைகளைப் பார்த்துப் பதிவு செய்ய இருக்கிறார்கள். நீல அட்டை போட்ட சிறிய குறிப்பேடு ஒன்று இந்த வாரம் உங்கள் பிள்ளையின் பையில் வீட்டுக்கு வரும். அதை முன்னிட்டே இக்கடிதத்தை எழுதுகிறேன். அந்தக் குறிப்பேட்டில் பிள்ளைகள் கண்டதை மட்டும், கண்டபடியே எழுத விடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

இதை வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. சென்ற ஆண்டு நவம்பரில் ஒரே நாளில் இரண்டு பதிவுகள் என் மேசைக்கு வந்தன. முதல் பதிவு மிக நேர்த்தியானது. நீர்க்கரையில் கண்ட வளைமூக்கு உள்ளானைப் பற்றி ஒரு மாணவர் எழுதியிருந்தார். கீழ்நோக்கி வளைந்த கறுத்த அலகு, செங்கல் நிற மார்பு, பறவையின் பெயர், அதன் கீழே அறிவியல் பெயர் என எல்லாம் இருந்தன. இரண்டாவது பதிவில் ஒரு மாணவி நான்கே வரிகள் எழுதியிருந்தார். சிறிய பறவை, பழுப்பு முதுகு, வெள்ளை வயிறு, அந்த வெள்ளை இறக்கைக்கு முன்னால் தோள் வரை ஏறுகிறது, நிற்கும்போது உடலின் பின்பகுதியை ஓயாமல் ஆட்டுகிறது, பெயர் தெரியவில்லை என்று முடித்திருந்தார். பதிவுகளைச் சரிபார்த்துத் தரும் மூத்த பறவை நோக்கர், இரண்டாவதைப் படித்தவுடனேயே அது கரையோரங்களில் பரவலாகக் காணப்படும் உள்ளான்தான் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். முதல் பதிவை அவரால் ஏற்க முடியவில்லை. வளைமூக்கு உள்ளானின் செங்கல் நிறம் இனப்பெருக்கக் காலத்துக்கு உரியது. நவம்பருக்குள் அந்த இறகுகள் உதிர்ந்து பறவை சாம்பல் நிறத்துக்கு மாறியிருக்கும். மாணவரை அழைத்து மெதுவாகக் கேட்டபோது, தான் பார்த்தது சாம்பல் நிறப் பறவைதான் என்றும், வீட்டில் பறவைக் கையேட்டைப் பார்த்து நிறத்தைத் திருத்தி எழுதச் சொன்னார்கள் என்றும் கூறினார். அந்தப் பெற்றோர் அன்பினால் செய்த உதவி அது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பிள்ளை தன் கண்ணால் சரியாகக் கண்ட ஒன்று அந்த உதவியால் அழிந்துபோயிற்று.

இலையுதிர்கால வலசையில் இந்த இடர் கூடுதலாகவே உண்டு. வசந்தத்தில் வடக்கே போகும் பறவைகள் பளிச்சென்ற நிறங்களோடும் பாட்டோடும் போகின்றன. திரும்பி வரும்போது பெரும்பாலானவை நிறம் மங்கி, பாடாமல் வருகின்றன. அவ்வாண்டில் பிறந்த குஞ்சுகளும் கூட்டத்தில் சேர்ந்திருப்பதால் எண்ணிக்கை அதிகம், குழப்பமும் அதிகம். கதிர்க்குருவிகளைப் பிரித்தறிவதற்கு அனுபவம் மிக்கவர்களே தயங்குவார்கள். ஆகவே உங்கள் பிள்ளை எழுதும் பறவை கையேட்டுப் படத்தோடு ஒத்துப்போகாவிட்டால், அது பிள்ளையின் பிழை என்று முடிவு செய்துவிட வேண்டாம்.

ஒருவர் கண்டதை எழுதிவைப்பதும் பிறரோடு பகிர்வதும் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு வரலாற்றிலேயே சான்றுகள் உள்ளன. 1822-ஆம் ஆண்டு வட ஜெர்மனியில், கழுத்தில் நீண்ட ஈட்டி ஒன்று தைத்திருந்த செங்கால் நாரை ஒன்று கிடைத்தது. அந்த ஈட்டியின் மரம் மத்திய ஆப்பிரிக்காவுக்கு உரியது என்று தெரிந்தது. குளிர்காலத்தில் சில பறவைகள் நீருக்கடியில் உறங்குகின்றன என்று நம்பியோர் இருந்த காலத்தில், அந்த ஒரே பறவை தன் பயணத்தின் சான்றைத் தானே சுமந்து வந்தது. 1899-இல் டென்மார்க்கின் விபோர்க் நகரில் ஹான்ஸ் கிறிஸ்டியன் மோர்டென்சன் என்ற பள்ளி ஆசிரியர், மைனா குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங் பறவைகளின் கால்களில் எண்ணும் முகவரியும் பொறித்த அலுமினிய வளையங்களை மாட்டி விட்டார். வளையத்தைக் கண்டவர்கள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதே ஏற்பாடு. முறையான பறவை வளையமிடல் இப்படித்தான் தொடங்கியது. அவரும் ஓர் ஆசிரியர் என்பதை மாணவர்களிடம் சொல்லும்போதெல்லாம் எனக்கு நிறைவாக இருக்கும்.

அந்த வளையங்களால் பின்னாளில் அறிய முடிந்தவற்றில் ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். நெதர்லாந்து ஆய்வாளர் பெர்டெக், வலசை வழியில் தங்கியிருந்த 11,000-க்கும் மேற்பட்ட ஸ்டார்லிங் பறவைகளைப் பிடித்து வளையமிட்டு, விமானத்தில் சுவிட்சர்லாந்துக்குக் கொண்டுபோய் விடுவித்தார். முடிவுகள் 1958-இல் வெளியாயின. முன்பு பயணம் செய்து பழகிய முதிர்ந்த பறவைகள் தாம் இடம் மாற்றப்பட்டதை ஈடுசெய்து, வழக்கமாகக் குளிர்காலத்தைக் கழிக்கும் பகுதியை நோக்கித் திரும்பின. முதல் முறையாகப் பயணம் செய்யும் இளம் பறவைகளோ பிறவியிலேயே அறிந்த திசையில் அப்படியே பறந்து, தம் கூட்டத்துப் பறவைகள் வழக்கமாகப் போகாத தென் பிரான்சையும் ஸ்பெயினையும் அடைந்தன. இந்த அறிவு முழுவதும், எங்கோ ஒரு வயலிலோ தோட்டத்திலோ வளையமிட்ட பறவையைக் கண்ட யாரோ ஒருவர் இடத்தையும் நாளையும் சரியாக எழுதி அனுப்பியதால் கிடைத்தது. அவர்களில் சிலர் ஊரை மாற்றி எழுதியிருந்தால் அந்த வரைபடமே வேறாகியிருக்கும்.

இன்று செயற்கைக்கோள் கருவிகள் உண்டு. 2022 அக்டோபரில், பிறந்து ஏறத்தாழ 5 மாதமே ஆன பட்டைவால் மூக்கன் என்னும் கரைப்பறவை ஒன்று, அலாஸ்காவிலிருந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை 11 நாட்களில் எங்கும் இறங்காமல் கடந்ததை அதன் உடலில் பொருத்திய கருவி காட்டியது. எங்கள் வகுப்புகளில் இதைச் சொன்ன அன்று, தங்களைவிட வயதில் இவ்வளவு சிறிய உயிரா என்று பிள்ளைகள் வியந்து கேட்டார்கள். ஆனால் கருவி தாங்கிய பறவைகள் மிகச் சில. மற்ற எல்லாவற்றின் வருகையையும், தாமதத்தையும், குறைவையும் கண்களால்தான் அறிய வேண்டும். கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002 முதல் நடத்திவரும், பறவைப் பதிவுகளுக்கான இபேர்ட் (eBird) இணையதளத்தில் பட்டியல் இடும்போது, அடையாளம் காண முடிந்த எல்லாப் பறவைகளையும் சேர்த்தீர்களா என்று ஒரு கேள்வி வரும். ஆம் என்று பதில் வந்தால்தான், பட்டியலில் இல்லாத பறவை அங்கே அன்று தென்படவில்லை என்று ஆய்வாளர்கள் கொள்ள முடியும். எனவே தேடியும் தகைவிலான் பறவை ஒன்றுகூடத் தென்படவில்லை என்று உங்கள் மகள் எழுதினால் அதுவும் செய்திதான். ஏமாற்றத்துடன் வீடு திரும்பும் பிள்ளையிடம் இதை நீங்கள் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன்.

என் அனுபவம் ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இளம் ஆசிரியராக இருந்தபோது, பறவை நோக்கர் குழுவொன்றின் பொதுக் குறிப்பேட்டில் அரிய பருந்து ஒன்றைக் கண்டதாக எழுதினேன். உண்மையில் நான் பார்த்தது மரங்களுக்கு மேல் மறைந்த ஒரு வாலும் இறக்கையின் ஓரமும்தான். உடனிருந்தவர்களின் பரபரப்பில், காணாத மீதியை என் மனம் நிரப்பிக்கொண்டது. அடுத்த சில வாரங்கள் தொலைவிலிருந்து பலர் வந்து தேடிப் போனார்கள். அந்த வரியை நான் அடித்துவிட வேண்டியிருந்தது. அடிப்பதற்கு எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. பிள்ளைகள் தெரியவில்லை என்று எழுதும்போது நான் மகிழ்வது இதனால்தான்.

குறிப்பேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் நாள், தொடங்கிய நேரம், முடித்த நேரம், நின்ற இடம், காற்றும் வானமும், எண்ணிக்கை, கண்ட அடையாளங்கள், ஐயம் ஆகியவற்றுக்கு இடம் உண்டு. காற்றையும் மழையையும் எழுதத் தவறக் கூடாது. வடக்கிலிருந்து காற்று வீசும் தெளிந்த இரவுகளில் பறவைகள் பெருமளவில் புறப்படும். வழியில் மழை மறித்தால் இறங்கிவிடும். இரவு மழைக்குப் பிந்தைய காலையில் புதர்கள் களைத்த சிறு குருவிகளால் நிறைந்திருப்பதைப் பார்த்த பிள்ளை அதை மறக்காது.

கண்ட எல்லாவற்றையும் பகிர வேண்டும் என்பதில்லை. பகலில் ஆந்தைகள் அடையும் மரம், அரிய பறவை தங்கிய இடம் போன்றவற்றைப் பொறுப்பாசிரியரிடம் மட்டும் தெரிவித்தால் போதும். இடம் பரவினால் கூட்டம் கூடும். நெடும்பயணத்தின் நடுவே இரை தேடவும் இளைப்பாறவும் இறங்கிய பறவை மீண்டும் மீண்டும் விரட்டப்பட்டால், சேர்க்க வேண்டிய கொழுப்பை இழந்துவிடும். படம் எடுப்பதற்காகக் கைபேசியில் பறவையொலியை ஒலிக்கச் செய்து அழைப்பதை நம் குழுவில் அனுமதிப்பதில்லை. பிள்ளைகளின் பெயர், வீட்டு முகவரி, தனியே போகும் நேரம் ஆகியவை எந்தப் பொதுப் பதிவிலும் இடம்பெறாது. பள்ளியின் பெயரில் ஆசிரியரே பதிவேற்றுவார். சிறு குருவிகளில் பல இரவில்தான் பறக்கின்றன, வலுவான விளக்குகள் அவற்றைத் திசைதிருப்புகின்றன என்பதால், இம்மூன்று மாதங்களில் தேவையற்ற வெளிவிளக்குகளை இரவில் அணைத்துவைக்க இயலுமானால் செய்யுங்கள்.

முதல் நடை செப்டம்பர் மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை 6 மணிக்குப் பள்ளி வாயிலில் தொடங்கும். உலக வலசைப் பறவைகள் நாளான அக்டோபர் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமையன்று பெற்றோர்களும் உடன் வரலாம். வருவோருக்கும் ஒரு குறிப்பேடு தரப்படும், அதில் நீங்களும் கண்டதை மட்டுமே எழுத வேண்டும். பள்ளியில் 12 பைனாகுலர்களே இருப்பதால், வீட்டில் வைத்திருப்போர் கொடுத்தனுப்பினால் பேருதவியாக இருக்கும். இணைத்துள்ள ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிட்டு, வரும் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்