ரேடியோவில் ஒரு குரல்

லாஸ் ஏஞ்சலிஸ்
7.8.2022

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

நலம். நலமறிய ஆவல். பெரியம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது?

போன செவ்வாய்க்கிழமை இரவிலிருந்து இங்கே டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியின் மைதானமான டாட்ஜர் ஸ்டேடியத்தின் வாசல் பலகைக்கு அடியில் பூவும் மெழுகுவத்தியும் நீலத் தொப்பியும் குவிந்து கிடக்கின்றன. இறந்தவர் ஆட்டக்காரர் இல்லை, அந்த அணியின் ஆட்டங்களுக்கு வர்ணனையாளர். வின் ஸ்கல்லி, வயது 94. ஸ்டேடியத்துக்கு ஏறும் சாலைக்கே 2016-ல் அவர் பெயரை வைத்துவிட்டார்கள். பொங்கல் டெஸ்டுக்குத் தமிழ் வர்ணனை கேட்ட உங்களுக்கு இந்தத் துக்கம் புரியும்.

1950-ல் அணி நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்தபோது தொடங்கியவர், 1958-ல் அணியோடு இந்த ஊருக்கு வந்தார். 2016 வரை மொத்தம் 67 சீசன், ஒரே அணிக்கு. வந்த புதிதில் அணிக்குச் சொந்த மைதானம் கிடையாது. ஒலிம்பிக் நடந்த கொலீசியத்தில்தான் ஆடினார்கள். ஓட்டப்பந்தயத்துக்குக் கட்டிய இடம் பேஸ்பாலுக்கு எப்படிப் பொருந்தும்? இடது பக்க வேலி 250 அடிச் சொச்சத்திலேயே வந்துவிடும், அதை ஈடுகட்ட 40 அடி உயர வலை. மேல் வரிசையில் உட்கார்ந்தால் பந்தே தெரியாது. டிரான்சிஸ்டர் ரேடியோ மலிவாக வந்த காலம் அது. ஆளுக்கொன்றைக் கையில் எடுத்துப் போய், கண்முன் நடக்கும் ஆட்டத்தையே அவர் சொல்லக் கேட்டுப் புரிந்துகொண்டார்கள். 1960-ல் ஒருநாள், அம்பயர் ஃபிராங்க் செக்கரிக்கு இன்று பிறந்தநாள், மூன்று எண்ணுகிறேன், வாழ்த்துச் சொல்லுங்கள் என்றார். மைதானமே கத்தியது. அம்பயர் திகைத்துப்போனார்.

இப்போது அது நடக்காது. செல்போனில் கேட்டால் ஒலி பல நொடி பிந்தி வருகிறது. எதிரே நம் சிக்ஸர் மாதிரி ஹோம் ரன் போய் ஊரே எழுந்து நிற்கும், காதில் பந்து வீசும் பிட்சர் இன்னும் பந்தைத் தேய்த்துக்கொண்டிருப்பார். ஏஎம் ரேடியோவானால் சிமென்ட் கூரைக்கு அடியில் கரகரக்கும். உள்ளே ஏரியலாக இருக்கும் ஃபெரைட் கம்பி அலைக்குக் குறுக்கே இருந்தால்தான் நன்றாக இழுக்கும். நம் வீட்டு மர்ஃபி ரேடியோவைத் திருப்பித் திருப்பி வைப்பீர்களே, அதே கதைதான்.

ஸ்கல்லியின் குருநாதர், மூத்த வர்ணனையாளர் ரெட் பார்பர். ஸ்கோரைச் சொல்ல மறக்கக் கூடாது என்று, முட்டை வேகவைக்கும் மூன்று நிமிட மணல் கடிகாரத்தை மைக் பக்கத்தில் வைத்துக்கொண்டவர். நடுவில் ரேடியோவைப் போடுகிறவனுக்கு முதலில் வேண்டியது ஸ்கோர்தானே! சீடரும் அந்த ஒழுங்கில் வளர்ந்தவர். ‘நம்ம அணி’ என்று சொல்லவே மாட்டார். கூட இன்னொருவரை உட்கார வைத்து அரட்டை அடிப்பதும் இல்லை. தனியாக இருந்தால் கேட்கிறவரிடம்தான் பேசியாக வேண்டும். அரட்டை வர்ணனை எனக்கு இன்றைக்கும் பிடிப்பதில்லை.

ஸ்கல்லியின் கடைசிச் சில வருஷம் கேபிள் கம்பெனித் தகராறில் ஊரில் பாதிப் பேருக்கு டிவியில் ஆட்டமே வரவில்லை. ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸில் முதல் மூன்றுக்கு மட்டும் அவர் குரல் ரேடியோவிலும் போகும். அதற்காகவே ஏழு மணிக்குக் காரை நிறுத்தாமல் சுற்றியவர்கள் உண்டு.

வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு முன் அஞ்சலி நடந்தது. ஓய்வுபெற்றபோது தன் அறை ஜன்னலில் ‘உங்களை நினைத்து ஏங்குவேன்’ என்று அவர் எழுதித் தொங்கவிட்டிருந்தார். இந்த முறை அதே இடத்தில், அவரை நினைத்து ஏங்குவோம் என்று ஒரு பதாகை.

தம்பியிடம் சொல்லி 1965 செப்டம்பர் 9 ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸ் வர்ணனையைப் போடச் சொல்லுங்கள். பிட்சர் சாண்டி கூஃபாக்ஸ், மட்டையோடு வந்த 27 பேரில் ஒருவரையும், ஓடிச் சேர வேண்டிய முதல் பேஸைக்கூடத் தொடவிடவில்லை. பேஸ்பால் விதி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஸ்கல்லி அடிக்கடி மணி சொல்வதைக் கவனியுங்கள், பிற்பாடு ஒலிநாடாவாகக் கேட்கும் கூஃபாக்ஸுக்காகச் சொன்னது அது. கடைசி ஆள் அவுட் ஆனதும் 38 நொடி வாயே திறக்க மாட்டார், கூட்டத்தின் சத்தம் மட்டும் வரும். ரேடியோ நின்றுவிட்டதென்று அணைத்துவிடாதீர்கள். அப்புறம்தான் மணி 9:46 என்பார்.

உங்கள் அன்புள்ள,
முத்து