டிரான்ஸ்கிரிப்டை முத்திரையோடு வாங்கி வை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்பு இருந்த மாதிரிதான், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அண்ணன் போன வாரம் வந்து போனான். நீ, மாப்பிள்ளை, பெரியவன், குட்டி எல்லோரும் நலம்தானே?

போன் இருக்கும்போது அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். பள்ளிக்கூடப் பேச்சை எடுத்தாலே "அப்புறம் பேசறேன்ப்பா" என்று வைத்துவிடுகிறாய். முன்பெல்லாம் பெரியவன் ஒரு படம் வரைந்தால்கூட அன்று சாயங்காலமே எனக்குப் போட்டோ வந்துவிடும். பொங்கலுக்குப் பிறகு ஒன்றுமே வரவில்லை. வேலை அதிகமாக இருக்கும். நான் குறையாகச் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். நம் வரிசையில் மூன்றாம் வீட்டுக்காரரின் மகளும் சிங்கப்பூரில்தான் இருக்கிறாளாம். அவள் பிள்ளையும் உன் பிள்ளைகளைப் போல அமெரிக்கப் பாடமுறைப் பள்ளியில் படிக்கிறானாம். ஊருக்குத் திரும்பிவிடலாமா என்று யோசிக்கிறார்களாம். அவர் கேட்டுக்கொண்டதால் நாலு இடத்தில் விசாரித்தேன். தெரிந்துகொண்டதை உனக்கும் எழுதி வைக்கிறேன். என்றைக்காவது உதவும்.

முதலில் டிரான்ஸ்கிரிப்ட், அதாவது பள்ளி கொடுக்கும் பாட, மதிப்பெண் பட்டியல். நம் ஊரில் பத்தாவது முடித்தால் போர்டு சான்றிதழ் கையில் வந்துவிடும். அமெரிக்க முறையில் பத்தாவதுக்குப் பொதுத்தேர்வே கிடையாது. ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை செமஸ்டர் செமஸ்டராகப் பாடம் முடிக்க முடிக்கச் சேரும் கிரெடிட்தான் கணக்கு. பையன் என்ன படித்தான், எப்படிப் படித்தான் என்பதற்குப் பள்ளி கொடுக்கும் அந்தத் தாளை விட்டால் வேறு அத்தாட்சி இல்லை. அதனால் முத்திரை, கையெழுத்தோடு இரண்டு பிரதி வாங்கி வை. ஒவ்வொரு பாடத்திலும் என்னென்ன நடத்தினார்கள் என்ற விவரத்தையும் கேட்டு வாங்கு. 'ஆல்ஜீப்ரா' என்று ஒரே வார்த்தை போட்டிருந்தால் இங்கே இருக்கிறவர்களுக்குப் புரியாது.

இரண்டாவது, வருஷத்தின் நடுவில் நிறுத்தக் கூடாது. அங்கே ஆகஸ்டில் தொடங்கி ஜூன் தொடக்கத்தில் முடிகிறது. இப்போது நிறுத்தினால் இரண்டாம் செமஸ்டர் கிரெடிட் போய்விடும். இங்கே சி.பி.எஸ்.இ. பள்ளிகள் ஏப்ரலிலேயே தொடங்கிவிடுகின்றன, இரண்டு மாதப் பாடம் விட்டுப்போகும்தான். பரவாயில்லை. நம் பையன் உட்கார்ந்தால் படித்துவிடுவான். ஜூன் வரை இருக்கட்டும்.

மூன்றாவதுதான் சிக்கலானது. சி.பி.எஸ்.இ.யில் ஒன்பதும் பத்தும் சேர்ந்து இரண்டு வருஷப் படிப்பு. வேறு பாடமுறையில் ஒன்பதை முடித்துவிட்டு வரும் பிள்ளையை நேராகப் பத்தில் சேர்ப்பது சுலபமில்லை. பெற்றோர் மாற்றலாகி வந்தார்கள் என்பது போன்ற காரணத்தைக் காட்டி, போர்டின் அனுமதி வாங்க வேண்டும். நான் பார்த்த பிரின்சிபால் அம்மா பொறுமையாகவே சொன்னார். "ஒன்பதில் என்றால் இன்றைக்கே சேர்த்துக்கொள்கிறேன் சார், பத்தில் என்றால் பேப்பர்களைக் கொண்டுவாருங்கள், பார்க்கலாம்" என்றார். தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியும் உண்டு. 14 வயது நிறைந்திருந்தால் பத்தாவதுக்கு நேராகப் பதிவு செய்துகொள்ளலாம். எப்படியாவது பன்னிரண்டு வரை அங்கேயே முடித்துவிட்டால், இங்கே கல்லூரியில் சேர, நம் ஊர்ப் பன்னிரண்டாவதுக்குச் சமம் என்று ஈக்விவலன்ஸ் சான்றிதழ் வாங்க வேண்டும். எதற்கும் அந்த டிரான்ஸ்கிரிப்ட்தான் அடிப்படை. அதை முதலில் வாங்கி வை.

கொடைக்கானல் பள்ளியைப் பற்றியும் அண்ணன் சொன்னான். 1901-ல் அமெரிக்க மிஷனரிகள் தங்கள் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது என்றான். ஆனால் அது விடுதிப் பள்ளி. சாயங்காலம் பையன் வீடு திரும்ப மாட்டான் என்றதும் உன் அம்மா அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்றுவிட்டாள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. காலையில் பஸ்ஸில் போனவன் நாலு மணிக்கு வந்து ஷூவை ஒரு மூலையில், பையை ஒரு மூலையில் எறிந்துவிட்டு உன்னிடம் பேசிக்கொண்டே இருப்பானே. இந்த வயதில் அது அவனுக்கு வேண்டும்.

இன்னொன்றும் படித்தேன். அங்கே வேலை நின்றுவிட்டால் எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதி ரத்தாகிவிடும், அதைச் சார்ந்து பிள்ளைகள் தங்கும் டிபென்டன்ட் பாஸும் அதோடு போய்விடும், 30 நாளுக்குத்தான் தங்க விடுவார்கள் என்று. பிள்ளை ஸ்டூடன்ட் பாஸ் வாங்கிப் படித்தால் அம்மாவோ பாட்டியோ கூடத் தங்க நீண்டகாலப் பாஸுக்கு விண்ணப்பிக்கலாமாம். இந்தியப் பாடமுறைப் பள்ளிகள் சிங்கப்பூரிலேயே இருக்கின்றன, கட்டணமும் மிகவும் குறைவு. இதெல்லாம் மூன்றாம் வீட்டுக்காரருக்காக எழுதி வைத்துக்கொண்டது.

இதற்கு மேல் எழுத முடியவில்லை பாப்பா. மூன்றாம் வீட்டுக்காரருக்கு இரண்டும் பையன்கள் என்று உனக்கே தெரியும்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் புதன்கிழமை, இங்கே காலை 11 மணி, உங்களுக்கு மதியம் ஒன்றரை. நான் கூப்பிட்டபோது மாப்பிள்ளை உன் பின்னால் பனியனோடு நடந்து போனார். நீ சட்டென்று போனைத் திருப்பிவிட்டாய். லீவு என்றாய். அடுத்த புதனும் லீவு என்றாய். நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ சொல்லியிருக்கவும் மாட்டாய். சின்ன வயதிலிருந்து எல்லாவற்றையும் தனியாகச் சுமந்துதான் உனக்குப் பழக்கம். அந்தப் பள்ளியில் சேர்க்கும்போதே நான் சொன்னேன். ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு 40,000 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல், அதுவும் இரண்டு பிள்ளைகளுக்கு, கம்பெனி கட்டுகிறது என்பதை நம்பிக் காலை வைக்காதே என்றேன். "என் பிள்ளைங்க அங்கதான்ப்பா படிக்கணும்" என்று ஒரே பிடியாக நின்றாய். அன்றைக்கு எனக்குக் கோபம்.

போன வருஷம் அங்கே வந்து பார்த்த பிறகு அந்தக் கோபம் போய்விட்டது. இதை உன்னிடம் சொன்னதில்லை. பெற்றோரைக் கூப்பிட்டுப் பிள்ளையே தன் படிப்பைக் காட்டும் நாள் என்று என்னையும் அழைத்துப் போனாய். டீச்சர் ஓரமாக உட்கார்ந்திருந்தார், வாய் திறக்கவில்லை. பெரியவன்தான் பேசினான். அறிவியல் நோட்டைத் திறந்து ஊசல் சோதனையைக் காட்டினான். 'எடை கூடினால் வேகமாக ஆடும்' என்று முதலில் எழுதியிருந்தான். அதன்மேல் பென்சிலால் ஒரே ஒரு கோடு. கீழே, 50 செ.மீ. நூல், 10 ஆட்டத்துக்குச் சின்னக் குண்டு 14.2 விநாடி, பெரிய குண்டும் 14.2 விநாடி. "நான் நெனச்சது தப்பு தாத்தா. ஆனா அழிக்கக் கூடாது. ஒரு கோடு போட்டு விட்டுடணும், முதல்ல என்ன நெனச்சோம்னு பின்னால தெரியணும்" என்றான். அம்மா, தாத்தா, டீச்சர் எல்லோரும் இருக்கும்போது, குரலில் ஒரு நடுக்கம் இல்லாமல் தன் தப்பைத் தானே காட்டுகிறான். இந்த எழுபது வயதில் நான் அப்படி ஒரு பிள்ளையைப் பார்த்ததில்லை. உன்னை நினைத்து அவ்வளவு பெருமையாக இருந்தது. அதை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ குளிக்கப் போயிருந்தபோது அவன் என்னிடம் பேசினான். "தாத்தா, அங்க நேரா பத்தாவது சேர முடியுமா?" என்று கேட்டான். எதற்குடா என்றேன். சும்மா என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "என் மார்க்கு, அதான் ஜி.பி.ஏ., கொறஞ்சதாலயா தாத்தா?" என்றான். அம்மாவிடம் சொல்லாதீங்க என்றும் சொன்னான். சொல்லிவிட்டேன். அவனைத் திட்டாதே.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுந்து போனில் அந்தப் பள்ளியைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். சிங்கப்பூர் அமெரிக்கன் ஸ்கூல் 1956-ல் ஒரு பங்களாவில் 98 பிள்ளைகளோடு தொடங்கியது, இரண்டு மூன்று இடம் மாறி 1996-ல் உட்லண்ட்ஸுக்கு வந்தது என்று போட்டிருந்தது. 1996 என்று பார்த்ததும் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்த வருஷம்தான் உன்னை இங்கிலீஷ் மீடியத்திலிருந்து எடுத்துப் பெண்கள் பள்ளியில் தமிழ் மீடியத்தில் போட்டேன். எட்டாம் வகுப்பு. ரேங்க் கார்டில் கணக்கில் 52 இருந்தது. "உனக்கு இங்கிலீஷ்ல ஏறல, அதான் மார்க் கொறையுது, இங்க வேண்டாம்" என்றேன். நீ அழவில்லை. "சரிப்பா" என்றாய். சட்டையிலிருந்த பழைய பள்ளியின் பேட்ஜை நீயே தையல் பிரித்து எடுத்து அலமாரியில் வைத்தாய்.

உன் மார்க்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை பாப்பா. மில்லில் மூன்று மாதமாகச் சம்பளம் இல்லை, அப்புறம் கேட்டைப் பூட்டிவிட்டார்கள். அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போயிருந்தது. ஃபீஸ் கட்டப் பணம் இல்லை, அவ்வளவுதான். காலை ஏழரைக்கு டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவன் மாதிரி கிளம்பி, நூலகத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு ஆறு மணிக்குத் திரும்புவேன். இரண்டு மாதம் அப்படி. உன் அம்மாவுக்கு மட்டும் தெரியும். உன்னிடமும் அண்ணனிடமும் சொல்ல எனக்கு வெட்கம். என் வெட்கத்தை மறைக்க உன் 52-ஐப் பிடித்துக்கொண்டேன்.

ப்ளஸ் டூவில் கணக்கில் 200-க்கு 187 வாங்கியபோது, "எப்படியோ வந்துடுச்சுப்பா, நான் சுமார்தானே" என்றாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். உன் கல்யாணத்தின்போது சொல்லியிருக்கலாம். பேரன் அந்தக் கோட்டைக் காட்டியபோதுகூட, பக்கத்தில் நீ உட்கார்ந்திருந்தாய், வாய் வரவில்லை. முப்பது வருஷமாக நீ உன்னை மட்டமாக நினைத்ததற்கு நான்தான் காரணம். என் பிள்ளைகள் அங்கேதான் படிக்க வேண்டும் என்று நீ ஏன் அப்படிப் பிடிவாதமாக நின்றாய் என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது. மன்னித்துவிடு என்று கேட்க எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

பெரியவனிடம் உள்ளதைச் சொல்லிவிடு. அப்பாவுக்கு வேலை போய்விட்டது, கம்பெனி ஃபீஸ் கட்டாது, உன் படிப்பில் ஒரு குறையும் இல்லை என்று சொல். பதினாலு வயதுப் பிள்ளைக்கு அது தாங்கும். தன் மார்க்தான் காரணம் என்ற நினைப்பு தாங்காது. குட்டிக்கு இப்போது வேண்டாம், அவள் சின்னவள்.

மாப்பிள்ளையிடம் நான் எதுவும் கேட்க மாட்டேன் என்று சொல். அந்த நூலக நாட்கள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்று மட்டும் சொல். போஸ்ட் ஆபீஸில் எங்கள் பணம் கொஞ்சம் இருக்கிறது. இரண்டு பிள்ளைகளின் ஒரு செமஸ்டருக்குக்கூடப் போதாது. ஆனாலும் ஜூன் வரை பிள்ளைகள் அங்கே இருக்க எவ்வளவு குறைகிறது என்று எனக்குச் சொல், பார்க்கலாம். அப்புறம் இங்கே வந்தாலும் சரி, அங்கேயே வேறு பள்ளி பார்த்தாலும் சரி. மாடி அறையைக் காலி செய்து வைத்திருக்கிறேன்.

புதன்கிழமை 11 மணிக்குக் கூப்பிடுகிறேன். மாப்பிள்ளையும் பக்கத்தில் உட்காரட்டும். போனைத் திருப்ப வேண்டாம்.

அன்புடன்,
அப்பா

பி.கு: டிரான்ஸ்கிரிப்ட் வாங்கும்போது பெரியவனின் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பார். மாப்பிள்ளையின் பெயரைச் சில இடத்தில் இனிஷியலாகவும் சில இடத்தில் முழுசாகவும் போட்டுவிடுகிறார்கள். அங்கே இருக்கும்போதே திருத்தி வாங்கிவிடு.