ஜோகன்னஸ்பர்க்கில் அரை நாள் கொடுங்கள்: டூர் நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் பேசும் டூர் மேனேஜர், கூடவே ஒரு சமையல்காரர், மூன்று வேளையும் நம்ம ஊர்ச் சாப்பாடு என்று சொல்லி ஆட்களைச் சேர்த்து தென்னாப்பிரிக்காவுக்குக் கூட்டிப் போகிற சுற்றுலா ஏற்பாட்டாளர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

எந்த நிறுவனத்தோடு போனேன் என்று எழுதப் போவதில்லை. உங்களில் ஒருவரோடுதான் போனேன், ஆனால் திரும்பி வந்த பிறகு ஏழெட்டுப் பேருடைய பயணத் திட்டங்களை எடுத்து வைத்துப் பார்த்தால் எல்லாம் ஒரே வார்ப்பு. கேப்டவுன், டேபிள் மவுன்டன், பெங்குவின், தீக்கோழிப் பண்ணை, சன் சிட்டி, கடைசியில் ஜீப்பில் போய்ச் சிங்கம். நடுவில் ஜோகன்னஸ்பர்க் என்று ஒரு வரி. அதற்கு எதிரே 'ஷாப்பிங், ஓய்வு'. அத்தனை பெரிய ஊருக்கு உங்கள் கணக்கில் அவ்வளவுதான், சூட்கேஸை இறக்கி ஏற்றுகிற இடம்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. அந்த ஊரில் அரை நாள் கொடுங்கள். அந்த அரை நாளில் பிராம்ஃபான்டைன் இடுகாட்டில் வண்டியை நிறுத்துங்கள்.

ஏன் என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தில்லையாடி வள்ளியம்மை அங்கேதான் இருக்கிறாள். நீங்களும் ஐந்தாம் வகுப்போ ஆறாம் வகுப்போ படித்தவர்கள்தானே.

என்ன நடந்தது என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். என் அம்மாவுக்கு 71 வயது. பொறையாறில் பிறந்தவர், சின்ன வயதில் தில்லையாடிக்கு நடந்தே போய் வந்தவர். முழங்கால் தேய்ந்து மாடிப்படி ஏற முடியாமல் இருக்கிறவர் இந்த டூருக்கு வருகிறேன் என்று சொன்னது சிங்கத்துக்காக இல்லை. எங்கள் பக்கத்தில் கல்யாணம் ஆகாமல் செத்துப்போன பெண் பிள்ளைக்குப் பாவாடை, சட்டைத் துணி வைத்துக் கும்பிடுவார்கள், கன்னிக்குப் படைப்பது என்று பேர். அந்தப் பிள்ளைக்குப் பதினாறு வயசு, யாராவது ஒரு பாவாடை வைத்திருப்பார்களா என்று அம்மாவுக்கு ரொம்ப நாளாக ஒரு நினைப்பு. எழும்பூர் கோ-ஆப்டெக்ஸ் கட்டடத்துக்குத் தில்லையாடி வள்ளியம்மை மாளிகை என்றுதானே பேர், அங்கேயே போய்ப் பச்சையில் அரக்கு பார்டர் போட்ட துணி வாங்கினோம். "அவ பேர் வெச்ச எடத்துலயே வாங்கிடலாம்டி" என்றார்.

பணம் கட்டுவதற்கு முன்னாலேயே போனில் கேட்டேன். "அதெல்லாம் அங்கே போய் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் மேடம்" என்றார்கள். இந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் நம் ஊரில் பாதிப் பேர் விமானம் ஏறுகிறார்கள்.

அங்கே போய் அட்ஜஸ்ட் பண்ணியது இதுதான். காலையில் சொவெட்டோவில் விலகாசி தெருவை பஸ்ஸுக்குள் உட்கார்ந்தபடியே பார்த்தோம். மண்டேலா, டூட்டூ என்று இரண்டு நோபல் பரிசுக்காரர்கள் குடியிருந்த தெரு, இறங்கி நாலு அடி நடக்க விடவில்லை. அப்புறம் வடக்கே ஒரு மாலில் இரண்டரை மணி நேரம். அம்மாவுக்கு மாலில் என்ன வேலை? பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்தார், மடியில் அந்தத் துணிப் பை. நான் டூர் மேனேஜரிடம் மூன்று தரம் கேட்டேன். இந்த நேரத்தில் ஒரு டாக்சி பிடித்துக் கொடுங்கள், செலவு எங்களுடையது, போய்த் துணியை வைத்துவிட்டு வந்துவிடுகிறோம் என்றேன். முதல் தரம் "ஐட்டினரியில இல்லைங்க". இரண்டாம் தரம் "குரூப்பை விட்டுப் பிரிஞ்சு போனா எங்களுக்குப் பிரச்சினை". மூன்றாம் தரம் அம்மாவே கேட்டார். அந்தத் தம்பி தன் செல்போனை எடுத்து எதையோ தேடி, ஒரு படத்தைப் பெரிதாக்கி அம்மா முகத்துக்கு நேரே காட்டி, "இதோ பாருங்கம்மா, வெறும் கல்லுதான், இதுக்குப் போய் அவ்வளவு தூரம் எதுக்கு?" என்றார்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதற்கப்புறம் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தப் பையனைத் திட்டி எழுத எனக்கு மனமில்லை. நீங்கள் கொடுத்த தாளில் இல்லாததை அவர் செய்ய முடியாது. தாளைத் தயாரிக்கிறவர்கள் நீங்கள். அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு.

வெறும் கல் என்றாரே, அந்தக் கல்லைப் பற்றி இரண்டு வார்த்தை. கிறிஸ்தவ முறைப்படி நடக்காத கல்யாணம் செல்லாது என்கிற மாதிரி 1913-ல் அங்கே ஒரு தீர்ப்பு வந்தது. ஒப்பந்தக் கூலி முடிந்தவர்கள் தலைக்கு மூன்று பவுன் வரி கட்டுவது ஏற்கெனவே இருந்தது. அந்த வருஷம் பெண்களும் தெருவுக்கு வந்தபோது கூட வந்தவள் வள்ளியம்மை. பிறந்ததே ஜோகன்னஸ்பர்க்கில்தான், தில்லையாடியை அவள் கண்ணால் பார்த்ததில்லை. மூன்று மாதக் கடுங்காவல், மாரிட்ஸ்பர்க் சிறை, அங்கே பிடித்த காய்ச்சல். எலும்பும் தோலுமாகக் கிடந்தவளிடம் ஜெயிலுக்குப் போனதற்கு வருத்தமாக இல்லையா என்று காந்தி கேட்டதற்கு, இப்போது கூப்பிட்டாலும் மறுபடி போவேன் என்று சொன்னதாக அவரே எழுதி வைத்திருக்கிறார். 1914 பிப்ரவரி 22 அன்று போய்விட்டாள். அதே வருஷம் ஜூலை 15 அன்று, அந்த நாட்டை விட்டுக் கப்பலேறுவதற்கு மூன்று நாள் முன்னால், அவளுக்கும் நாகப்பனுக்கும் வைத்த கற்களைத் திறந்துவைக்க அதே இடுகாட்டுக்குக் காந்தி வந்தார். ஊரைக் காலி செய்து மூட்டை கட்டுகிற மனிதருக்கு அங்கே வர நேரம் இருந்தது. உங்கள் பஸ்ஸுக்குத்தான் இல்லை.

நாகப்பன் யாரென்று பயணிகளில் பாதிப் பேருக்குத் தெரியாது. பதினெட்டு வயசுப் பையன், காந்தியின் சத்தியாக்கிரகத்தில் சேர்ந்தவன். 1909-ல் அதற்காகப் பத்து நாள் தண்டனை, பத்தே நாள்தான். ஆனால் அது ஜூன் மாதம். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நீங்கள் எங்களுக்குத் தொப்பி கொடுத்தீர்களே, அந்த ஊர் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஜூன், ஜூலையில் விடிகாலையில் உறைபனி விழும். அந்தக் குளிரில் ரோடு போடும் கைதி முகாமில் வேலை. வெளியே வந்த ஒரு வாரத்துக்குள், ஜூலை 6 அன்று, நிமோனியாவில் செத்துப்போனான்.

இது நம் ஆட்களுக்கான இடம் மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். தென்னாப்பிரிக்க தேசிய கீதத்தின் முதல் பாதியாக இருக்கிற பாட்டை 1897-ல் கட்டிய ஈனாக் சொன்டோங்கா அங்கேதான் புதைக்கப்பட்டார். 1905-ல் இறந்தவரின் கல்லறை எது என்று தெரியாமல் ரொம்ப காலம் தேடியிருக்கிறார்கள், பதிவேட்டில் சொன்டோங்கா என்று இல்லாமல் ஈனாக் என்று மட்டும் எழுதியிருந்ததுதான் காரணம். கண்டுபிடித்து 1996-ல் தேசிய நினைவுச் சின்னம் ஆக்கினார்கள். பதிவேட்டில் பேர் மாறி எழுதியிருந்த கல்லறையையே அவர்கள் தேடிப் பிடித்துவிட்டார்கள். இடம், பேர், படம் எல்லாம் போனிலேயே இருக்கிற கல்லறைக்கு உங்களால் வழி கண்டுபிடிக்க முடியவில்லை.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். பாதுகாப்பு. ஒத்துக்கொள்கிறேன், ஜோகன்னஸ்பர்க்கின் நடு ஊரில் போனைக் கையில் பிடித்துக்கொண்டு தன்னந்தனியே சுற்றக் கூடாதுதான். ஆனால் நாங்கள் தனி ஆள் இல்லையே, 34 பேர், சொந்த பஸ், உள்ளூர் டிரைவர். பட்டப்பகலில் உள்ளூர் வழிகாட்டியை வைத்துக்கொண்டு அந்த நடு ஊருக்கு வெள்ளைக்காரப் பயணிகள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். ராத்திரி பதினோரு மணிக்கு சன் சிட்டி கேசினோவிலிருந்து எங்களைத் தலை எண்ணிக் கூட்டி வந்தீர்களே, அந்தத் திறமையில் கால்வாசி போதும்.

அரை நாளில் ஒரு இடுகாட்டை மட்டும் காட்டினால் மற்றவர்கள் சண்டைக்கு வருவார்கள் என்றால், பக்கத்திலேயே எவ்வளவு இருக்கிறது. சில கிலோமீட்டரில் கான்ஸ்டிடியூஷன் ஹில். பழைய கோட்டைச் சிறை, காந்தியும் இருந்தார், மண்டேலாவும் இருந்தார். விசாரணைக் கைதிகளை அடைத்த கட்டடத்தை இடித்து, அதே செங்கல்லை வைத்து நாட்டின் அரசியல் சாசன நீதிமன்றத்தைக் கட்டி 2004-ல் திறந்தார்கள். அந்தச் சுவரைத் தொட்டுப் பார்ப்பதற்காகவே ஒரு தடவை போகலாம். நியூடவுனில் ஹமீதியா பள்ளிவாசல். 1908 ஆகஸ்ட் 16 அன்று, இந்தியர்களுக்கு அரசு கொடுத்த ஆயிரக்கணக்கான பதிவுச் சீட்டுகளை எதிர்ப்பாக ஒரு மூன்று கால் இரும்புக் கொப்பரையில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்களே, அந்த இடம். நினைவாகக் கொப்பரை மாதிரியே ஒன்றை வைத்திருக்கிறார்கள். காந்தி சதுக்கத்தில் வழக்கமான கிழவர் சிலை இல்லை, வக்கீல் கவுன் போட்ட இளம் காந்தி, சுற்றிலும் பஸ் ஏறுகிற ஜனம். விமான நிலையத்துக்குப் பேர் கொடுத்த ஆலிவர் டாம்போவும் மண்டேலாவும் 1952-ல் சேர்ந்து வக்கீல் ஆபீஸ் போட்ட சான்சலர் ஹவுஸ். ஷாப்பிங்தான் வேண்டும் என்றால் ஃபோர்ட்ஸ்பர்க்கில் ஓரியண்டல் பிளாசா இருக்கிறது, பக்கத்துப் பேட்டையிலிருந்த இந்திய வியாபாரிகளை இனவாத அரசு கடையைக் காலி செய்யவைத்து அங்கே கொண்டுபோய் அடைத்த கதையையும் சேர்த்துச் சொல்லலாம், மசாலாவும் வாங்கலாம்.

ஊருக்கு வெளியே டால்ஸ்டாய் பண்ணையைப் பற்றி நான் பேசவே இல்லை பாருங்கள். 1910-ல் காந்தியின் நண்பர் கல்லன்பாக் கொடுத்த 1,100 ஏக்கர். சிறைக்குப் போனவர்களின் குடும்பங்கள் தங்கிய இடம். அங்கே தமிழ்ப் பிள்ளைகளுக்குக் காந்தி தமிழ் சொல்லிக் கொடுத்தார், கப்பலிலும் ஜெயிலிலும் போப் துரையின் தமிழ்க் கையேட்டை வைத்துக் கற்றுக்கொண்ட தமிழை வைத்துக்கொண்டு. பிள்ளைகளுக்கு அவரைவிட நன்றாகத் தமிழ் வந்திருக்கும். இப்படி ஒரு கதையை உங்கள் பஸ் மைக்கில் சொன்னால் சனங்கள் தூங்குவார்களா? நாங்கள் கேட்டதெல்லாம் அந்தாக்ஷரிதான்.

இதில் இன்னொரு வேடிக்கை. உங்கள் விளம்பரத் தாளின் முதல் பக்கத்தில் 'கடல் கடந்த தமிழர் தடம் தேடி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. உள்ளே பன்னிரண்டு நாளையும் புரட்டிப் பார்த்தேன். தமிழர் தடம் என்று கண்ணில் பட்டது சமையல்காரர் ஒருவர்தான். நல்ல மனிதர், ரசம் பிரமாதம். தீக்கோழி முட்டை மேல் ஏறி நிற்க முக்கால் மணி நேரம் ஒதுக்கியிருக்கிறீர்கள், முட்டை உடையாதாம். அரசாங்கமும் நாமும் மட்டும் என்ன ஒழுங்கு, கட்டடத்துக்குப் பேர் வைத்தோம், தபால் தலை போட்டோம், பிப்ரவரியில் ஒரு மாலை, அதோடு சரி. கட்டடத்துக்குள் தீபாவளித் தள்ளுபடிக்கு முண்டியடிக்கிறவர்களில் எத்தனை பேர் தலையைத் தூக்கிப் பேரைப் படித்திருப்போம்? நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன், அதனால் உங்களை மட்டும் குறை சொல்லவில்லை.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும்.

கேட்பது அதே அரை நாள்தான். காலை ஒன்பது மணிக்கு ஹோட்டலில் கிளம்பினால் பிராம்ஃபான்டைன் இடுகாட்டில் முக்கால் மணி, கோட்டைச் சிறையில் ஒன்றரை மணி, பள்ளிவாசல் வாசலில் கால் மணி, மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். மாலுக்குப் போகிறவர்கள் மதியத்துக்கு மேல் போகட்டும், யார் வேண்டாம் என்றார்கள். எல்லோருக்கும் சேர்க்க முடியாது என்றால், பலூன் சவாரிக்குத் தனிக் கட்டணம் வாங்குகிறீர்களே, அந்த மாதிரியாவது ஒரு வரி போடுங்கள், விருப்பப்பட்டவர்கள் கட்டுகிறோம். உள்ளூர் வழிகாட்டியை முன்கூட்டியே பேசி வையுங்கள். கல்லறைகள் எந்தப் பகுதியில் என்று உங்கள் ஆள் ஒருவர் முதலிலேயே போய்ப் பார்த்துவிட்டு வரட்டும், வயசானவர்களைப் புல்லுக்குள் நடக்கவைத்துத் தேட வேண்டாம். அம்மா மாதிரி முழங்கால் வலிக்காரர்களுக்கு ஒரு மடக்கு நாற்காலி வண்டியில் இருந்தால் உபகாரம்.

அந்தத் துணி இப்போது எங்கள் வீட்டு பீரோவில், பை பிரிக்காமல் இருக்கிறது. இன்னொரு தடவை அவ்வளவு தூரம் அம்மாவால் முடியாது, டாக்டரும் சொல்லிவிட்டார். உங்களில் யாராவது அடுத்த பயணத் திட்டத்தில் பிராம்ஃபான்டைன் என்று ஒரு வரி சேர்த்தால், தயவுசெய்து எனக்குத் தெரியப்படுத்துங்கள். அந்த டூர் கிளம்புகிற அன்றைக்கு நானே விமான நிலையத்துக்கு வந்து துணியை உங்கள் டூர் மேனேஜர் கையில் கொடுக்கிறேன். கால் கிலோகூட இருக்காது.

பணிவுடன்,
போன மே மாதம் உங்கள் பஸ்ஸில் வந்த ஒரு பயணி